பாட்டுக்கு உண்டு, பாடியதற்கு இல்லை: அமெரிக்கக் கவர் பாடல்களும் பாடுபவரின் கலையும்

கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பிறர் இயற்றியதைப் பாடுவதில் கலை உண்டா என்ற கேள்வியே புதிராக இருக்கும். தியாகராஜர் கீர்த்தனையைப் பாடும் வித்துவானை நகலெடுப்பவர் என்று யாரும் சொல்வதில்லை; எந்தப் பாடாந்தரம், என்னென்ன சங்கதி என்றுதான் விசாரிக்கிறோம். அமெரிக்க ஒலிப்பதிவு உலகில் அதே செயல் நெடுங்காலம் இரண்டாந்தரமாகக் கருதப்பட்டதற்கு ரசனை மட்டும் காரணமன்று. பாட்டையும் பாடும் முறையையும் சட்டம் பிரித்து வைத்ததில் அதன் வேர் இருக்கிறது.

1908-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தானியங்கிப் பியானோவின் துளையிட்ட காகிதச் சுருள் இசைப்படைப்பின் பிரதி ஆகாது என்றது. அடுத்த ஆண்டே புதிய பதிப்புரிமைச் சட்டம், பாட்டை இயற்றியவருக்கு இத்தகைய இயந்திரப் பிரதிகள் மீதும் உரிமை தந்தது. ஆனால் ஒரே நிறுவனம் பாடல்களையெல்லாம் வளைத்துப் போட்டுவிடும் என்ற அச்சமும் இருந்ததால் ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்கள். ஒரு பதிவுக்கு இசைவு தந்துவிட்டால், பிறகு பிரதிக்கு 2 சென்ட் செலுத்தி யார் வேண்டுமானாலும் அதைப் பதிவு செய்யலாம். 1978 வரை நீடித்த கட்டணம் அது. இயற்றியவருக்குக் காசு வந்தது; முதலில் பாடியவர் அதில் சேர்த்த மெருகுக்குச் சட்டத்தில் பெயரே இல்லை.

இதன் கசப்பு 1950-களில் தெரிந்தது. கறுப்பினக் கலைஞர் ஒருவரின் பதிவு விற்கத் தொடங்கியதும், பெரிய நிறுவனங்கள் வெள்ளையினப் பாடகரைக் கொண்டு அதே பாட்டை அவசரமாக வெளியிட்டன. போட்டிப் பதிவு என்ற பொருளில்தான் 'கவர்' என்ற சொல் அப்போது வழங்கியது. பவுலா வாட்சன் பாடிய பாட்டின் இசைக்கோவையை எவ்லின் நைட்டின் பதிவு நகலெடுத்ததாகத் தொடுக்கப்பட்ட வழக்கு 1950-இல் தோற்றது. லாவர்ன் பேக்கரின் 'ட்வீட்லி டீ'யை 1955-இல் ஜார்ஜியா கிப்ஸ் ஏறத்தாழ அப்படியே பாடிவைக்க, விற்பனையில் நகலே முந்தியது. பேக்கர் காங்கிரஸ் உறுப்பினர் சார்லஸ் டிக்ஸுக்கு எழுதி, சட்டத்தைத் திருத்தக் கோரினார். பலன் இல்லை. பேக்கர் கேட்டது சலுகையன்று. தம் குரல் வழியே அந்தப் பாட்டுக்கு வந்த உருவம் தம்முடையது என்றார். அது நியாயமான கோரிக்கை என்றே நான் கருதுகிறேன்.

அதே சட்டம் திறந்துவிட்ட வழியில்தான் 1967 பிப்ரவரி 14 அன்று, நியூயார்க்கில், அரீத்தா ஃபிராங்க்ளின் 'ரெஸ்பெக்ட்' பாடினார். 1965-இல் ஓட்டிஸ் ரெடிங் எழுதிப் பாடிய அந்தப் பாட்டில், வீடு திரும்பும் ஆண் மனைவியிடம் மரியாதை கேட்கிறான். ஃபிராங்க்ளின் பாடும்போது கேட்பவள் பெண். மொத்தப் பொருளும் திசை மாறிவிடுகிறது. தலைப்புச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொல்லும் இடம் ரெடிங்கின் பாட்டில் கிடையாது. சகோதரிகளின் பின்குரலும், கிங் கர்டிஸின் சாக்ஸபோன் தனிவாசிப்பும் புதியவை. அந்த வாசிப்புக்கான சுரக்கட்டைக்கூட சாம் அண்ட் டேவின் வேறொரு பாட்டிலிருந்து எடுத்து இங்கே பொருத்தினார்கள். ரெடிங்கின் பதிவு பொதுப் பட்டியலில் 35-ஆம் இடம்வரை போனது. இது முதலிடம் பிடித்தது. அந்த ஜூனில் மான்டெரே மேடையில் ரெடிங்கே, ஒரு பெண் இந்தப் பாட்டைத் தன்னிடமிருந்து கொண்டுபோய்விட்டாள் என்று சொல்லிவிட்டுப் பாடினார்.

கிப்ஸும் ஃபிராங்க்ளினும் சட்டத்தின் முன் செய்தது ஒரே செயல். ஒருவர் பிறருடைய வேலையை எடுத்தார். மற்றவர் வேலையைச் சேர்த்தார். கலை மதிப்பை அளக்க இந்த வேறுபாடே போதும் என்பது என் துணிபு. சட்டமோ அதை இன்றுவரை தொடவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் பாடுபவரின் பாணிக்கேற்ப இசைக்கோவையை மாற்ற இடம் தருகிறது. ஆனால் மூல மெட்டையும் பாட்டின் அடிப்படைத் தன்மையையும் மாற்றலாகாது என்கிறது. உரிமையாளர் இசைந்தாலொழிய அந்த மாற்றத்துக்குத் தனிப் பாதுகாப்பும் இல்லை.

அமெரிக்காவில் சாதாரண வானொலி ஒலிபரப்புக்கு இயற்றியவர் தரப்புக்கே உரிமத்தொகை உண்டு, பாடியவருக்குக் கிடையாது. 2018-இல் ஃபிராங்க்ளின் மறையும்வரை, வானொலியில் 'ரெஸ்பெக்ட்' ஒலித்தபோதெல்லாம் பணம் ரெடிங் தரப்புக்குப் போனது. அவர் கூட்டிச் சொன்ன அந்த ஏழு எழுத்துகளுக்கு ஒன்றும் வரவில்லை.