ஏகாதசியும் துவாதசியும்: தூக்கம் பற்றி ஒரு குறிப்பு

வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் முழிப்பது பூவராகர் குடியிருக்கும் ஸ்ரீமுஷ்ணம் பக்கம் எங்களுக்குப் புதுசில்லை. பரமபதம் ஆடி, கதை கேட்டு, கூட்டத்தோட பொழுதை விடிய வைப்பாங்க. மறுநாள் துவாதசி: அகத்திக்கீரை, நெல்லிக்காயோட சாப்பாடு, ராத்திரி அசந்த தூக்கம்.

தூங்காமலே இருந்தால் மனசு என்னாகும்? 1896இல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் பேட்ரிக்கும் கில்பர்ட்டும் மூன்று பேரை 90 மணி நேரம் விழிக்க வைத்தார்கள். ஒருவருக்கு இல்லாததெல்லாம் கண்ணில் தெரிந்தது.

2007இல் மேத்யூ வாக்கர் குழு மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. ஒரு ராத்திரி தூங்காதவர்களுக்குச் சங்கடமான படங்களைக் காட்டியபோது, பயத்தைக் கிளப்பும் அமிக்டலா 60 சதவீதம் கூடுதலாகத் துடித்தது. அதை அடக்கும் முன்மூளையின் பிடியும் தளர்ந்திருந்தது.

ஏகாதசிக்குத் துவாதசி உண்டு. தினமும் செல்போனோடு முழிக்கிறவங்களுக்கு அது வர்றதே இல்லை. காரணமில்லாமல் படபடப்பு, எரிச்சல் வந்தால், நேற்று எத்தனை மணிக்குப் படுத்தோம்னு முதல்ல யோசிச்சுப் பாருங்க.