போல்ட் த்ரோவர்: போரின் நடையும் இசையின் நடையும்

போல்ட் த்ரோவர் என்ற டெத் மெட்டல் இசைக்குழு போரைக் கொண்டாடுகிறது என்பது பழைய குற்றச்சாட்டு. பாட்டுக்குப் பாட்டு படையும் பீரங்கியும் பிணமும் வந்தால் வேறென்ன என்று கேட்பார்கள். சொற்களையும் அட்டைப்படங்களையும் மட்டும் வைத்துச் சொல்லும் தீர்ப்பு அது. போரைப் பற்றி இக்குழு கொண்டிருந்த பார்வை, பாடல் வரிகளைக் காட்டிலும் அதன் காலப்பிரமாணத்தில்தான் துலக்கமாகத் தெரிகிறது என்பது என் வாதம்.

1986-இல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் குழு உருவானது. 1940 நவம்பரில் ஜெர்மானிய விமானங்கள் ஒரே இரவில் குண்டுவீசிச் சிதைத்த ஊர் அது. இடிந்த பேராலயத்தின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. அதனால்தான் இவர்கள் போரைப் பாடவந்தார்கள் என்று முடிச்சுப் போடுவது மிகையாகிவிடும். பங்க் இசையின் போரெதிர்ப்பு மரபில் முளைத்தவர்கள் என்பது போதும்.

அன்றைய தீவிர இசைக்குழுக்கள் வேகத்தில் போட்டியிட்டன. பக்கத்து பர்மிங்காமின் நேபாம் டெத் குழு 1987-இல் ஒரு பாட்டை ஏறத்தாழ ஒரே விநாடியில் முடித்துக் காட்டியது. போல்ட் த்ரோவரும் 1988-இன் முதல் ஆல்பத்தில் ஓடத்தான் செய்தது. பிறகு நடை தணிந்தது. 1992-இல் வந்த 'தி ஃபோர்த் குருசேட்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டை ஊன்றிக் கேட்கவேண்டும். சுருதியை வெகுவாக இறக்கிய கேவின் வார்டு, பாரி தாம்சன் இருவரின் கிதார்களும் ஜோ பென்ச்சின் பேஸும் ஒன்றாகச் சேர்ந்து கனத்து, மெல்ல ஊர்கின்றன. மற்ற பல பாடல்களில் இந்த ஊர்தலுக்கு அடியில் இரட்டை பேஸ் டிரம் இடைவிடாமல் உருளும். கால்கள் பதறுகின்றன, படை நகரவில்லை. வெற்றி முழக்கத்துக்கு வேண்டிய ஏற்றமும் உச்சமும் இந்த அமைப்பில் இடம்பெற முடியாது.

அந்த ஆல்பத்தின் அட்டையில் இருப்பது பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா 1840-இல் தீட்டிய ஓவியம். 1204-இல் சிலுவைப் படை கான்ஸ்டான்டினோபிளுக்குள் நுழைகிறது: கிறித்தவர்கள் சூறையாடிய கிறித்தவ நகரம். குதிரைமேல் வருபவர்களின் முகத்தில் களிப்பில்லை. குளம்படியில் மக்கள் கெஞ்சுகிறார்கள். 1989-இல் 'வார்ஹேமர்' விளையாட்டின் கற்பனைப் படைவீரர்களை அட்டையில் ஏற்றிய குழு, மூன்றே ஆண்டில் இந்த ஓவியத்துக்கு வந்து சேர்ந்ததை அதன் சிந்தனை முதிர்ந்ததற்கு அடையாளமாகவே கொள்கிறேன்.

ஆல்பத்துக்கு ஆல்பம் ஒரே சரக்கு என்று சலித்துக்கொண்ட விமர்சகர்கள் உண்டு. அவர்கள் குறையாகக் கண்டதிலேயே என் வலுவான சான்று இருக்கிறது. 1989-இன் 'வேர்ல்ட் ஈட்டர்' பாட்டிலுள்ள ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் வரி, 1991-இல் 'செனோடாஃப்' பாட்டில் தொடர்கிறது. 1992-இல் 'எம்பர்ஸ்', 1998-இல் 'பவுடர் பர்ன்ஸ்' என்று அந்தச் சங்கிலி நீள்கிறது. உலகை விழுங்குபவன், மாண்டவர்க்கான நினைவுச்சின்னம், அணையாத தணல், வெடிமருந்துக் காயம் என்று தலைப்புகள் மாறுகின்றன. அடியிலுள்ள இழை அறுவதில்லை. நினைவுச்சின்னம் எழுப்பிய பிறகும் அதே ரிஃப் மீண்டும் மூள்கிறதென்றால், போர் முடிந்தது என்ற பேச்சையே இசை ஏற்க மறுக்கிறது. இதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. ஒன்பதாண்டு இடைவெளியில், இசைக்குழுவில் ஆட்கள் மாறியும், திட்டமிட்டுக் காக்கப்பட்ட தொடர்ச்சி இது.

எதிர்வாதம் ஒன்று மிஞ்சுகிறது. இந்த ரிஃப்கள் கேட்பவரைச் சிலிர்க்கவைக்கின்றன. அரங்கில் கூட்டம் ஒரே உடலாகத் தலையசைத்தது. அணிவகுப்பு தரும் கிளர்ச்சிக்கு இது வெகுதூரமில்லை. பாடகர் கார்ல் வில்லெட்ஸின் குரல் இங்கே முக்கியமாகிறது. அடித்தொண்டை உறுமல்தான், ஆனாலும் சொற்கள் காதில் விழுகின்றன; சிலிர்க்கும் அதே நொடியில் எதற்குச் சிலிர்க்கிறோம் என்பதும் கேட்டுவிடுகிறது. போரின் ஈர்ப்பை மறைத்துவிட்டுப் போரைக் கண்டிக்கும் கலையைவிட, அந்த ஈர்ப்பைக் கேட்பவரின் உடலிலேயே எழுப்பி அதன் விலையையும் சொல்லும் இந்த இசை நேர்மையானது.