கால்வாய்க்கு மேற்கே ஒரு நாள்

விழுப்புரத்தில் ஜவுளிக் கடை நடத்திவரும் என் பழைய மாணவர் ஒருவர், சென்ற மாதம் திண்டிவனத்திற்கு ஒரு திருமணத்திற்காக வந்தபோது என்னைக் காண வந்தார். பேச்சினிடையே, “ஹஜ்ரத், விடுமுறையில் பிள்ளைகளைப் புதுவைக்கு அழைத்துப் போகலாமென்று நினைத்திருக்கிறேன். கடையை ஒரு நாளைக்குமேல் அடைக்க முடியாது. ஒரு நாளில் எதை எதைக் காட்டலாம்? ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்” என்றார். எழுத உட்கார்ந்தேன். ஒரு தாளில் அஃது அடங்கவில்லை.

அடங்காமற் போனதற்கு என் பழைய தவறொன்றும் காரணம். பல ஆண்டுகளுக்கு முன்பு நானும் இப்படித்தான் ஒரு நாளைக்கு என் குடும்பத்தாரைப் புதுவைக்கு அழைத்துச் சென்றேன். வண்டி பேசி அமர்த்தியவர் காட்டிய வழியே சென்றோம். கடற்கரை, பூங்கா, வெள்ளை வெளேரென்ற மாளிகைகள், பிரெஞ்சுப் பெயர்ப் பலகைகள், பனிக்கூழ், மீண்டும் கடற்கரை. இரவு திரும்பும்போது, அப்போது பத்து வயதிருந்த என் மகள் கேட்டாள்: “அத்தா, அந்த ஊரில் நம்மவர்கள் யாரும் இருந்ததே இல்லையா?” அரபுக் கல்லூரியில் வரலாறும் படித்து, பத்திரிகைகளில் அதை எழுதியும் வந்தவன் நான். என் மகளுக்குக் காட்ட வேண்டியதை ஒரு பகல் முழுதும் கையருகே வைத்துக்கொண்டு காட்டத் தவறிவிட்டேன். வாயால் விடை சொன்னேன்; அவள் அதற்குள் உறங்கிவிட்டாள்.

ஆகவே இம்முறை வரிசையை மாற்றிச் சொல்கிறேன். கடலை மாலைக்கு ஒதுக்குங்கள். காலையை மேற்குப் பகுதிக்குக் கொடுங்கள்.

முதலில் பயணம். விழுப்புரத்தார்க்கு இரயிலே சுகம். விழுப்புரம் புதுவை இருப்புப்பாதை 1879-ல் திறக்கப்பட்டது. மீட்டர்ப் பாதையாயிருந்ததை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அகலப் பாதையாக்கினர். புதுவை நிலையம் ஊரின் தென்கோடியில் உள்ளது. நம் மக்கள் வாழும் தெருக்களுக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். திண்டிவனத்தார்க்குப் பேருந்துதான். நாற்பது கிலோமீட்டருக்குள்ளான தொலைவு. நான்குவழிச் சாலையில் ஒரு மணி நேரம் போதும். புதுவையின் வாயிலில் கோரிமேடு வரும். ‘கோரி’ என்பது பாரசீகத்தின் ‘கோர்’. அடக்கத்தலம் என்று பொருள். தமிழகராதிகளிலும் ஏறிய சொல். அவ்விடத்தைக் கடக்கும் போதெல்லாம் இச்சொல் என் நாவில் வந்து நிற்கும். பிள்ளைகளுக்கு ஒரு சொல்லாவது வழியிலேயே கிடைக்கட்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பலர் என்னிடம் கேட்பதுண்டு. இந்தத் தொலைவு ஷாபிஈ, ஹனபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும் கஸ்ருக்குரிய தொலைவன்று. லுஹரையும் அஸரையும் நான்கு ரக்அத்களாகவே தொழ வேண்டும். அதற்கான நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இனி, ஊருக்குள் நுழையுமுன் ஒரு செய்தி. புதுவையைப் பிரெஞ்சுக்காரர் ஊரென்றே உலகம் பேசுகிறது. அந்தப் பிரெஞ்சுக்காரர்க்குக் கால் வைக்க இடம் கொடுத்தது யார்? பிஜப்பூர் சுல்தானின் ஆளுநராக வாலிகண்டபுரத்தில் இருந்து இப்பகுதியை ஆண்ட ஷேர்கான் லோடி. 1673-ல் அவருடைய இசைவின்பேரில்தான் பிரெஞ்சுக் கும்பினியார் இக்கடற்கரையில் இறங்கினர். மறு ஆண்டு பிரான்சுவா மர்த்தேன் வந்து சேர்ந்தார். ஊரை வளர்த்தவர் அவர். ஷேர்கான் 1677-ல் சிவாஜியிடம் தோற்று ஆட்சியை இழந்தார். அவர் பெயரை இன்று புதுவையில் நினைப்பார் அரிது. பின்னர் 1693-ல் டச்சுக்காரர் ஊரைப் பிடித்து ஆறாண்டுகள் வைத்திருந்தனர். சதுரங்கக் கட்டம்போல் நேர்நேராய் ஓடும் தெருக்களின் திட்டம் அவர்கள் வரைந்தது என்பர். பிரெஞ்சு நேர்த்தி என்று நாம் வியப்பதில் டச்சுக்காரருக்கும் பங்குண்டு!

கட்டங்கட்டமான அந்நகரை வடக்குத் தெற்காக ஒரு கால்வாய் பிளக்கிறது. கிழக்கே கடலை ஒட்டியது வெள்ளையர் பகுதி. மேற்கே தமிழர் பகுதி. தமிழர் பகுதியின் தெற்குப் பாகத்தில் முல்லா வீதி, காஜியார் வீதி முதலியன உள்ளன. தெருப் பெயர்களே வரலாறு. முல்லா என்றால் மார்க்கம் கற்பித்தவர். காஜியார் என்றால் தீர்ப்பு வழங்கியவர். ஆசிரியரும் நீதிபதியும் இருந்த சமுதாயம் வழிப்போக்கர் கூட்டமாக இருந்திருக்க முடியாது. குத்பா பள்ளிவாசல் முல்லா வீதியில் இருக்கிறது. வீடுகளை நின்று பார்க்கச் சொல்லுங்கள். கீழே நம்மூர்த் திண்ணையும் தாழ்வாரமும். மாடியில் பிரெஞ்சுக்காரரின் வளைவும் தூணும். இரண்டு நாடுகள் ஒரே சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாய் உட்கார்ந்திருக்கும்.

இத்தெருக்களில் நடக்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய நிகழ்ச்சிகள் சில.

1740 மே மாதத்தில் தாமல்செருவுக் கணவாயில் மராட்டியரோடு நடந்த போரில் ஆர்க்காட்டு நவாப் தோஸ்து அலிகான் கொல்லப்பட்டார். அவருடைய மனைவியும் குடும்பத்தாரும் புதுவைக்கு ஓடிவந்து அடைக்கலம் கேட்டனர். நவாபின் மருமகன் சந்தா சாகிபின் மனைவியும் மகனும் அங்கேதான் தஞ்சம் புகுந்தனர். அவர்களை ஒப்படைக்குமாறு மராட்டியத் தலைவர் ரகூஜி போன்ஸ்லே மிரட்டினார். ஆளுநர் துய்மா மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு திருச்சிராப்பள்ளி வீழ்ந்து சந்தா சாகிப் சிறைப்பட்டார். அவர் மராட்டியர் சிறையில் இருந்த ஆண்டுகளில் குடும்பம் புதுவையிலேயே இருந்தது. துய்மா அரசியல் கணக்கில்லாமல் இதைச் செய்தாரென்று நான் சொல்லமாட்டேன். நவாப் தோஸ்து அலியிடமிருந்து 1736-ல் நாணயம் அச்சிடும் உரிமையைப் பெற்றவர் அவரே. புதுவையில் அடித்த அந்த வெள்ளி ரூபாய்களில் பிரெஞ்சு மன்னர் பெயர் கிடையாது. பாரசீக எழுத்தில் முகலாயப் பேரரசர் பெயரும், அடையாளமாக ஒரு பிறையும் இருந்தன. கணக்கு இருந்திருக்கட்டும், அடைக்கலம் என்று வந்த பெண்டிரையும் பிள்ளைகளையும் எதிரியிடம் கொடுக்காதவரை நாம் நன்றியோடுதான் நினைக்க வேண்டும்.

அடுத்தது 1748. ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் பாஸ்கவன் புதுவையை முற்றுகையிட்ட சமயம். அந்நாட்களில் நடந்தவற்றை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். துய்ப்ளேயின் தலைமைத் துபாஷாக இருந்தவர் அவர். 1736 முதல் இருபத்தைந்தாண்டுகள் கண்டதையும் கேட்டதையும் தமிழில் பதிந்தார். முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சு அதிகாரிகள் இடித்தனர். பிள்ளை அதைத் தாளாத துயரத்தோடு எழுதுகிறார். அவர் அரசில் உயர்ந்த பதவி வகித்தவர். ஆயினும் தடுக்க முடியவில்லை. அதே நாட்களில் பள்ளிவாசலையும் இடிக்க முற்பட்டனர். சிப்பாய்த் தலைவர்களில் ஒருவரான அப்துர் ரஹ்மான் ஆளுநரிடம் நேரே சென்றார். பள்ளிவாசலில் கை வைத்தால் சிப்பாய்களில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள், இடிப்பவர்கள்மேல் பாய்ந்து மடிந்துபோவார்கள் என்று சொன்னார். துய்ப்ளே அந்த எண்ணத்தைக் கைவிட்டார்.

இந்த நிகழ்ச்சியை நம் மேடைகளில் சொன்னால் கைதட்டுவார்கள். நானும் இளமையில் அப்படிச் சொல்லிக் கைதட்டு வாங்கியவன்தான். இப்போது என்னால் அப்படிச் சொல்ல முடிவதில்லை. பள்ளிவாசல் தப்பியது அப்துர் ரஹ்மானின் துணிவால் மட்டுமன்று. முற்றுகைக்குள் அகப்பட்ட ஆளுநருக்கு அவருடைய சிப்பாய்களின் துப்பாக்கிகள் தேவைப்பட்டன. கோயிலுக்காக அழுதவர்களிடம் துப்பாக்கி இல்லை. ஒரே ஊரில், ஒரே மாதத்தில், ஒரு வணக்கத்தலம் நின்றது, ஒன்று விழுந்தது. பள்ளிவாசல் தப்பிய செய்தியையும் நமக்காக எழுதிவைத்தவர், தம் ஊர்க் கோயில் இடிந்ததைக் கண்டு மனம் உடைந்திருந்த அதே பிள்ளைதான். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். கோயில் பின்னர் வேறிடத்தில் கட்டப்பட்டுத் தமிழர் பகுதியிலேயே நிற்கிறது; ரங்கப் பிள்ளையின் மாளிகையும் அவர் பெயர் தாங்கிய வீதியில் இருக்கிறது. வெளியிலிருந்தேனும் அம்மாளிகையைக் காட்டுங்கள்.

லுஹர் நேரத்திற்கு முல்லா வீதிப் பக்கம் இருந்தால் தொழுகையும் ஆகும், உணவும் ஆகும். அங்குள்ள முதியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் சைகோன் கதைகள் கிடைக்கும். புதுவை, காரைக்கால் முஸ்லிம்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் என்ற தகுதியோடு வியட்நாமுக்குக் கப்பலேறி, ஜவுளி வணிகத்திலும் அலுவலகங்களிலும் இருந்தார்கள். சைகோன் நகரின் நடுவில் 1935-ல் எழுந்த பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது. இக்கதைகளுக்கு அரைமணி நேரம் தாராளமாகக் கொடுக்கலாம்.

பிற்பகலில் கால்வாயைத் தாண்டிக் கிழக்கே செல்லுங்கள். பாரதி பூங்காவில் பிள்ளைகள் ஓடி விளையாடட்டும். அவர்கள் விளையாடும் அந்தப் பகுதியில்தான் 1706-ல் கட்டி முடித்த பிரெஞ்சுக் கோட்டை இருந்தது. இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். துய்ப்ளே காலத்துப் புதுவை இன்று இல்லை. 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. மறு ஆண்டு ஜனவரியில் புதுவை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அதற்குச் சில நாட்கள் முன்னர்தான் ரங்கப் பிள்ளை காலமானார். வென்றவர்கள் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினர். 1763-ல் ஏற்பட்ட பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின் ஊர் திரும்பக் கிடைத்துப் புதிதாய் எழும்பியவையே இப்போது நாம் படம் பிடித்துக்கொள்ளும் கட்டடங்கள். 1750 டிசம்பரில் முஸப்பர் ஜங்கை நிஜாமாக அறிவித்து விழா நடந்ததும், துய்ப்ளே முகலாயப் பிரபுபோல் அங்கியணிந்து வீற்றிருந்ததும் இவ்வூரில்தான். ஆனால் அந்தக் காட்சிக்குரிய கட்டடம் எதையும் தேடவேண்டா. அந்த நிஜாமும் சில வாரங்களில், ஐதராபாத் செல்லும் வழியிலேயே, கொல்லப்பட்டார்.

பூங்காவின் அருகே அருங்காட்சியகம். அரிக்கமேட்டில் கிடைத்த பொருள்களை அங்கே பார்த்துவிடுங்கள். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய உரோமானிய வணிகத்தை மெய்ப்பித்த இடம் அது. அரிக்கமேட்டிற்கே போகவேண்டுமென்று சிலர் அடம் பிடிப்பர். தோப்பும் இடிந்த செங்கற்சுவரும்தான் அங்கே உள்ளன. சிறு பிள்ளைகளோடு ஒரே நாளில் அதற்கு அலைவது வீண். மதுச்சாடித் துண்டுகளையும் மணிகளையும் கண்ணாடிப் பேழையில் காண்பதே மேல்.

அஸருக்குப் பின் கடற்கரை. மாலை ஆறு மணிக்குமேல் கடற்கரைச் சாலையில் வாகனங்களை விடுவதில்லை. பிள்ளைகளைக் கையை விட்டு நடக்க விடலாம். காந்தியடிகள் சிலையைச் சுற்றி உயரமான கருங்கல் தூண்கள் நிற்பதைக் காண்பீர்கள். அவை செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. நம் மாவட்டத்துக் கற்கள்! 1698-ல் முகலாயத் தளபதி சுல்பிகார்கானிடமும், 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியிடமும் வீழ்ந்த செஞ்சியின் கற்கள், நாம் வந்த வழியே நமக்கு முன்னால் வந்து கடலைப் பார்த்து நிற்கின்றன. அந்தத் தூணைத் தொட்டுப் பார்க்காமல் என் பேரப்பிள்ளைகளை நான் வண்டியேற விடுவதில்லை.

திண்டிவனத்தார்க்கு நேரம் மிச்சமிருந்தால் திரும்பும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போய், கோட்டக்குப்பத்தில் மஃரிபை முடித்துக்கொண்டு, மரக்காணம் வழியாக வீடு திரும்பலாம். புதுவையை ஒட்டியே இருந்தும் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் கோட்டக்குப்பம். அங்குள்ள அஞ்சுமன் நூலகத்தைப் பார்க்கவே ஒருமுறை போகலாம். மரக்காணத்திற்கு வடக்கே ஆலம்பரைக் கோட்டை இருக்கிறதே என்பீர்கள். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

மாணவருக்குக் கடைசியாக ஒரு வரி: கடை அடைக்க வசதியென்று திங்கட்கிழமையைத் தேர்ந்துவிடாதீர்கள், அருங்காட்சியகத்திற்கு அன்று விடுமுறை.