பாரவண்டி முதல் குட்டி யானை வரை: புதுக்கோட்டையின் ஒற்றை வண்டி முதலாளிகள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்தச் சந்தைக்குப் போனாலும் ஓரமாக வரிசை கட்டி நிற்கும் சின்னச் சரக்கு வண்டிகளைப் பார்க்கலாம். மக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'குட்டி யானை'. பெரும்பாலான வண்டிகளுக்கு முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. சில நேரங்களில் மூட்டை தூக்குபவரும் அவரே!

கீரமங்கலத்துப் பூ, வடகாடு, ஆலங்குடிப் பக்கத்துப் பலாவும் வாழையும், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்து மீன்... இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. காத்திருக்கத் தெரியாது. விடிவதற்குள் சேராத மல்லிகைக்கு விலை இல்லை. ஐஸ் கரைந்த பெட்டியில் இருக்கும் மீனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முழு லோடு சேரும்வரை நிற்கும் பெரிய லாரிக்கு இந்த அவசரம் ஒத்துவராது. கூப்பிட்டவுடன் கிளம்பும் சிறிய வண்டிதான் இதற்குச் சரி.

ஒரே ஒரு வண்டியை வாங்கிக்கொண்டு ஒருவர் இந்தத் தொழிலில் இறங்கலாம் என்பது இன்று சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் இந்தக் கதவு எப்போதும் திறந்திருந்ததில்லை. திறந்தது, மூடியது, பிறகு பாதி திறந்தது. அந்த வரலாற்றின் தொடக்கம் புதுக்கோட்டைக்கு ஒரு விதத்தில் சொந்தமானது.

ரயில் வராத தலைநகரம்

1948 மார்ச் வரை புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் தனிச் சமஸ்தானம். நான்கு பக்கமும் ஆங்கிலேயரின் திருச்சி, தஞ்சாவூர், மதுரை, ராமநாதபுரம் சீமைகள். நடுவில் ஒரு தீவு போல இது. 1878 முதல் 1894 வரை நிர்வாகத்தை நடத்திய திவான் சேஷய்ய சாஸ்திரி ஊரைத் திருத்தி அமைத்தார், சாலைகளையும் கவனித்தார். சாலை இருந்தது, ரயில்தான் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் அறந்தாங்கி அன்று தஞ்சாவூர் ஜில்லா. அந்த ஜில்லா போர்டு போட்ட ரயில் பாதை 1903லேயே அறந்தாங்கியைத் தொட்டுவிட்டது. ஆனால் அரசர் இருந்த புதுக்கோட்டை நகருக்கு, திருச்சியிலிருந்து ரயில் வந்து சேர 1929 ஆயிற்று! அடுத்த ஆண்டு பாதை மானாமதுரை வரை நீண்டது.

அதுவரை நெல்லும் உப்பும் துணியும் எல்லாம் பாரவண்டியில்தான். மாட்டு வண்டி மணிக்கு மூன்று அல்லது நான்கு கிலோமீட்டர் போகும். தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே ஐம்பது சொச்சம் கிலோமீட்டர். வழியில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி, ஓய்வு கொடுத்து... ஒரு நடைக்கு ஒரு முழு இரவும் போதாது. ஒற்றை வண்டி முதலாளி என்பவர் மோட்டார் காலத்தில் புதிதாக முளைத்தவர் அல்ல. சொந்த மாடு, சொந்த வண்டி, வாடகைக்குப் பாரம் என்று அவர் அப்போதே இருந்தார்.

ரயில் இல்லாத அந்த இடைவெளியில்தான் மோட்டார் நுழைந்தது. திருக்குறுங்குடியில் 1877ல் பிறந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார் சட்டம் படித்தவர். ரயில்வேயிலும் வங்கியிலும் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு 1911ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1912ல் பஸ் ஓட்ட ஆரம்பித்தார். மதுரையின் முதல் பஸ் அவருடையது. அவருடைய தொடக்க காலத் தடங்களில் ஒன்று தஞ்சாவூர்–புதுக்கோட்டை. ரயில்வேயில் வேலை பார்த்த மனிதர், ரயில் போகாத ஊருக்குப் பஸ் விட்டார் என்பதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பார்க்கலாம். ரயிலின் பலம் எங்கே முடிகிறது என்பது ரயில்வேக்காரருக்குத் தெரியாமலா இருக்கும்!

டி.வி.எஸ். பஸ்ஸைப் பற்றி மதுரைப் பக்கம் இன்றும் சொல்லும் கதைகள் இரண்டு. பஸ் வரும் நேரத்தை வைத்து ஜனங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்பது ஒன்று. மாட்டு லாடத்திலிருந்து சாலையில் விழும் ஆணிகள் டயரைப் பஞ்சர் ஆக்கியதால், காந்தம் கட்டிய வண்டியை ஓட்டி ஆணிகளைப் பொறுக்கினார்கள் என்பது மற்றொன்று. பழைய வண்டியின் ஆணி புதிய வண்டியின் டயரில்! அன்றைய சாலையை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது.

கதவை மூடிய சட்டம்

அந்தக் காலத்தில் தொழிலுக்கு வர என்ன தேவைப்பட்டது? 1914ல் வந்த மோட்டார் வாகனச் சட்டம் வண்டியைப் பதிவு செய், லைசென்ஸ் வாங்கு என்ற அளவோடு நின்றது. எந்தத் தடத்தில் எத்தனை பேர் ஓட்டலாம் என்ற கேள்விக்குள் அது போகவில்லை. ஆகவே 1920களில் ஃபோர்டும் செவர்லேயும் வரத் தொடங்கியபோது, நாடெங்கும் ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருந்த சிறு முதலாளிகள் பெருகினார்கள். கட்டணத்தில் போட்டி, வேகத்தில் போட்டி. மழையில் சாலை கெட்டால் வருமானம் நின்றது. எத்தனையோ பேர் நொடித்தும் போனார்கள்.

ஆனால் கவலைப்பட்டது அவர்கள் மட்டுமல்ல. ரயில்வேயும் கவலைப்பட்டது. ஏராளமான பணம் போட்டுப் பாதை அமைத்துவிட்டு, பக்கத்துச் சாலையில் பஸ்ஸும் லாரியும் வருமானத்தை அள்ளிப் போவதை அரசு எப்படிச் சும்மா பார்க்கும்? 1932ல் மிட்செல்–கிர்க்னஸ் குழு அமைக்கப்பட்டது. சாலைக்கும் ரயிலுக்கும் உள்ள போட்டியை ஆராய்வதே அதன் வேலை. இந்த யோசனைகளின் தொடர்ச்சியாக வந்ததுதான் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம்.

'பெர்மிட்' என்ற சொல் நம் ஊர்ப் பேச்சில் இத்தனை ஆழமாக ஊன்றியது அந்தச் சட்டத்தால்தான். வாடகைக்குச் சரக்கு ஏற்றுபவருக்கு ஒரு வகை பெர்மிட், தன் சொந்தச் சரக்கை மட்டும் ஏற்றுபவருக்கு வேறு வகை. வாடகை லாரிக்கு விண்ணப்பம் போட்டால் அது வெளியிடப்படும். ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், "இந்தப் பக்கம் வண்டி போதும், இன்னொன்று எதற்கு?" என்று ஆட்சேபிக்கலாம். புதிதாக வருபவருக்கு இடம் உண்டா என்பதை முன்பே உள்ளே இருப்பவரிடம் கேட்கும் ஏற்பாடு இது! சட்டத்தின் நோக்கம் ஒழுங்கு என்றாலும், பலன் போனது பெரும்பாலும் முதலில் வந்தவர்களுக்கே. பெர்மிட்டே ஒரு சொத்தாயிற்று.

புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம் என்பதால் தப்பித்ததா? சமஸ்தானத்துக்குள் மட்டும் சுற்றினால் சரி. ஆனால் எந்தப் பக்கம் போனாலும் சிறிது நேரத்தில் ஆங்கில எல்லை வந்துவிடும். திருச்சி சந்தையையோ தஞ்சாவூர் சந்தையையோ நம்பும் லாரிக்கு அந்தச் சட்டத்திலிருந்து விடுதலை ஏது? இணைப்புக்குப் பிறகு அந்தக் கேள்வியே எழவில்லை.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வேறு. கரியை எரித்து வாயு எடுத்து வண்டி ஓட்டினார்கள். சுந்தரம் அய்யங்காரின் நிறுவனமே இதற்கான கேஸ் பிளாண்டைத் தயாரித்து விற்றது. ஏற்றத்தில் 'கரி பஸ்' திணறி நின்றால் பயணிகள் இறங்கித் தள்ளிய கதைகளைப் பழையவர்கள் சொல்வார்கள்.

பிறகு 1972ல் தமிழக அரசு பெரிய பஸ் நிறுவனங்களை எடுத்துக்கொண்டபோது மதுரை டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆயின. அதைப் பற்றிய விவாதம் இங்கே வேண்டாம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: லாரியை அரசு எடுத்துக்கொள்ளவில்லை. சரக்குத் தொழில் தனியார் கையிலேயே நின்றது.

வண்டி வாங்கப் பணம் எங்கே?

பெர்மிட் ஒரு சுவர் என்றால் பணம் இன்னொரு சுவர். லாரி டிரைவருக்கு அன்றைய வங்கி கடன் கொடுக்காது. அடகு வைக்க நிலமோ வீடோ இருக்காது. ஓடும் வண்டியையே ஈடாக ஏற்பதற்கு வங்கிகளுக்குத் துணிவும் இல்லை. 1954ல் சுந்தரம் அய்யங்காரின் மகன் டி.எஸ்.சந்தானம் சென்னையில் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ், வண்டிக்கே கடன் என்ற முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. 1979ல் வந்த ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் இன்னும் ஒரு படி கீழே இறங்கி, பழைய லாரி வாங்குபவருக்கும் கடன் கொடுத்தது. இந்த இரண்டாவது காரியம்தான் முக்கியமானது என்று தோன்றுகிறது. புது லாரி வாங்குபவர் எப்படியும் கொஞ்சம் வசதி உள்ளவர். பத்து வருடம் ஓடிய லாரியை வாங்குபவர் அநேகமாக நேற்று வரை டிரைவராக இருந்தவர். டிரைவர் ஓனர் ஆனது இந்த வழியில்தான். நாமக்கல், சங்ககிரி போன்ற ஊர்களின் லாரி வரலாற்றிலும் டிரைவராகத் தொடங்கி ஓனர் ஆனவர்கள் நிறைய உண்டு.

'டியூ' என்ற சொல் அன்றிலிருந்து சிறு முதலாளியின் நாட்காட்டி ஆகிவிட்டது.

மூவாயிரம் கிலோ

1988ல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. 1989 ஜூலை முதல் நடைமுறை. பெர்மிட் வாங்குவதை அது மிகவும் எளிதாக்கியது. அதன் 66ஆவது பிரிவில், அதிகம் பேர் கவனிக்காத ஒரு விதிவிலக்கும் உண்டு. பாரத்தோடு சேர்த்து மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டே வேண்டாம்! அரை நூற்றாண்டு காலம் வாசலில் நின்ற காவல்காரர் சின்ன வண்டியைக் கண்டால் எழுந்து வழி விடுகிறார் என்று அர்த்தம்.

ஆனால் நெடுஞ்சாலையில் நம்பிக்கையாக ஓடக்கூடிய அவ்வளவு சின்ன நான்கு சக்கர வண்டி அன்று மலிவாகக் கிடைக்கவில்லை. 1986ல் வந்த டாட்டா 407 நல்ல வண்டிதான், ஆனால் அந்த வரம்புக்கு மேற்பட்டது, விலையும் அதிகம். கீழே இருந்தது மூன்று சக்கர சரக்கு ஆட்டோ. ஊருக்குள் சரி, இரவில் பூ ஏற்றிக்கொண்டு திருச்சிக்கு விரட்ட முடியுமா?

2005 மே மாதம் டாட்டா ஏஸ் வந்தது. இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின், 16 குதிரைத்திறன், முக்கால் டன் பாரம், விலை சுமார் இரண்டேகால் லட்சம். மொத்த எடை ஒன்றரை டன்னை ஒட்டி. அதாவது சட்டத்தின் வரம்பில் பாதிதான்! வடக்கே 'சோட்டா ஹாத்தி' என்றார்கள், தமிழ்நாட்டில் 'குட்டி யானை' ஆயிற்று. பின்னால் மற்ற நிறுவனங்களின் சிறு வண்டிகளும் வந்தன. ஒரு தலைமுறை ஓட்டுநர்கள் இதன் முதுகில் ஏறித்தான் முதலாளி ஆனார்கள் என்றால் மிகையாகாது.

கணக்கு மட்டும் மாறவில்லை. போகும்போது லோடு, வரும்போது காலி. இந்தக் 'காலி ரிட்டர்ன்'தான் தொழிலின் உயிர்நிலை. கீரமங்கலத்திலிருந்து பூவை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஊர்க்கடைக்கு மளிகையோ உரமோ சிமெண்டோ கிடைத்தால் அன்று லாபம். கிடைக்காவிட்டால் இரு வழி டீசலும் ஒரு வழி வாடகையிலிருந்துதான் போக வேண்டும். வாடகை பேசும்போதே திரும்பி வரும் கிலோமீட்டரையும் சேர்த்துப் பேசத் தெரிந்தவர் தாக்குப்பிடிக்கிறார். இதற்கு மேல் இன்சூரன்ஸ், டயர், எஃப்.சி. இருக்கின்றன. எஃப்.சி. முதல் எட்டு வருடம் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். வண்டி கிழமாகக் கிழமாகச் செலவு கூடும். புதுக் கணக்குப் போடுபவர்கள் தவறவிடுவது, டிரைவர் சம்பளம். தானே ஓட்டுவதால் அது இலவசம் என்று எண்ணி வாடகையைக் குறைத்துவிடுகிறார்கள். பிறகு உடம்பு முடியாமல் போய் வேறு ஆளை ஏற்றும் நாளில்தான் அந்த வாடகை கட்டுப்படியாகாது என்று தெரிகிறது.

இதையும் மீறிய இடிகள் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று அடித்த கஜா புயலில் ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துத் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மரம் போனவருக்கு நிவாரணக் கணக்கெடுப்பு நடந்தது. அந்த மரத்தின் காயை ஏற்றிப் பிழைத்தவரின் நஷ்டம் எந்தப் படிவத்தில் வரும்? லோடு போயிற்று, டியூ போகவில்லை. ஒன்றரை ஆண்டில் கொரோனா ஊரடங்கு. 2020 மார்ச் 27ல் ரிசர்வ் வங்கி மூன்று மாதத் தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது, பிறகு மேலும் மூன்று மாதம் நீட்டித்தது. தவணைதான் நின்றது, வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது.

லைசென்ஸ் விஷயத்திலும் ஒரு நீண்ட இழுபறி. கார் ஓட்டும் லைசென்ஸ் வைத்திருப்பவர் வாடகைச் சரக்கு வண்டி ஓட்டி விபத்து நடந்தால், "இது சரியான லைசென்ஸ் அல்ல" என்று இன்சூரன்ஸ் நிறுவனங்கள் கைவிரித்து வந்தன. அப்போது இழப்பீடு முழுவதும் வண்டிக்காரர் தலையில். ஒரு வண்டி வைத்திருப்பவர் அந்த ஒரு வண்டியை விற்றாலும் அடையாத தொகை! 2017ல் உச்ச நீதிமன்றம் பாரத்தோடு சேர்த்து மொத்த எடை 7500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு இலகுரக வாகன லைசென்ஸே போதும் என்றது. அதுவும் கேள்விக்குள்ளாகி ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வுக்குப் போயிற்று. 2024 நவம்பர் 6ஆம் தேதி அந்த அமர்வும் போதும் என்றே தீர்ப்பளித்தது.