தோலைச் சீவும் கத்தி

நம் பங்கின் திருப்பண்ட அறையில் பழைய இலத்தீன் பூசைப் புத்தகம் ஒன்று கிடக்கிறது. வயது நூற்றாண்டைச் சற்றே கடந்திருக்கும். எடுக்கும்போதெல்லாம் அதன் தோலுறை செங்காவித் தூளாக உதிர்ந்து வெண் அங்கியில் ஒட்டிக்கொள்கிறது. அட்டைகள் இரண்டும் முதுகைவிட்டுக் கழன்றுவிட்டன. கரையான் தின்றதில்லை, மழை நனைத்ததுமில்லை.

இங்கிலாந்தில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட யோவான் நற்செய்தி நூலொன்று உண்டு. வேர்மத்–ஜாரோ துறவு மடத்தில் உருவாகி, ஆயர் புனித குத்பெர்ட்டின் பேழைக்குள் வைக்கப்பெற்று, 1104-இல் டர்ஹாம் நகரில் அப்பேழையைத் திறந்தபோது வெளிப்பட்டது. நெடுங்காலம் இயேசு சபையாரிடம் இருந்த அந்நூலை 2012-இல் பிரித்தானிய நூலகம் தொண்ணூறு இலட்சம் பவுனுக்கு வாங்கியது. மரப்பலகைமீது போர்த்திய அதன் சிவந்த ஆட்டுத்தோல் இன்றும் உறுதியாக இருக்கிறது. பேழைக்குள் பல நூற்றாண்டுகள் கைபடாமல் உறங்கிய நூலோடு, நாள்தோறும் பீடத்தில் புரட்டப்பட்ட நூலை ஒப்பிடுவது முற்றிலும் நீதியாகாதுதான். ஆயினும் ஆயிரத்து முந்நூறு ஆண்டு எங்கே, நூறாண்டு எங்கே என்ற வினா நம்மை விடவில்லை. விடையின் ஒரு பகுதி, தோலைச் சீவும் கத்தியிலும் அதைப் பிடித்த கையிலும் இருக்கிறது.

இக்கத்தியின் வரலாறு நீண்டது. எகிப்தில் மூன்றாம் துத்மோஸ் மன்னரின் அமைச்சர் ரெக்மிரே என்பாரின் கல்லறைச் சுவரில், ஏறத்தாழ கி.மு. 1450-ஐச் சேர்ந்த ஓவியத்தில், தோல் வினைஞர் ஒருவர் பிறை வடிவக் கத்தியால் தோலை அறுக்கிறார். பிறை வடிவக் கத்தியை இன்றைய தோல் வினைஞரும் கையாளுகின்றனர். மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளில் வடிவம் பெரிதும் மாறாத கருவிகள் உலகில் எத்தனை இருக்கும்!

நூல் கட்டுவோர் கைக்கு வேறு வகைகள் வந்தன. வளைந்த முனையுள்ள பிரெஞ்சுக் கத்தி அகன்ற பரப்பைச் சீவ ஏற்றது. சாய்வாக வெட்டிய அலகுள்ள ஆங்கிலக் கத்தி ஓரங்களுக்கு உரியது. பிற்காலத்தில், தச்சர் மரத்தை இழைக்கும் இருகைப்பிடிக் கருவியையே சிலர் தோலுக்கும் பழக்கிக்கொண்டனர். எதை எடுத்தாலும் கூர்மையே முதல் தகுதி. மழுங்கிய கத்தி தோலைச் சீவாது, இழுத்துக் கிழிக்கும். எனவே தேர்ந்த வினைஞர் சாணைக்கல்லில் தீட்டி, தோல்வாரில் தேய்த்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் தேய்ப்பார்.

தோலின் மேற்பரப்பைக் கீழாக வைத்து, சதைப்பக்கத்தைச் சீவுவதே முறை. அடியில் வழவழப்பான கல் வேண்டும். பழைய கல்லச்சுக் கல்லைப் பலர் விரும்புவர். சீவிய துகள் ஒன்று தோலுக்கும் கல்லுக்கும் இடையே புகுந்தால் அவ்விடம் மேடாகும். அடுத்த வீச்சில் கத்தி அங்கே ஓட்டை போட்டுவிடும். பல நாள் உழைப்பு ஒரு துகளால் போகும். ஆகவே சீவுவதும் துடைப்பதும் மாறி மாறி நடக்கும். அட்டை ஓரத்தில் உள்ளே மடியும் பகுதி மெலிதாக வேண்டும். இல்லையேல் முண்டு தெரியும். ஆனால் முதுகும் அட்டையும் கூடும் இடத்தில்தான் வினைஞரின் நிதானம் தெரியும். அங்கே தோல் தடித்தால் நூல் திறவாது. மெலிந்தால் திறந்து திறந்து அறுந்துபோகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் ஐரோப்பாவில் கட்டிய நூல்கள் விரைந்து சிதைவதைக் கண்டு, இலண்டன் கலைக் கழகம் 1900-இல் ஒரு குழுவை அமைத்து ஆராய்ந்தது. நிறமூட்டுவதில் சேர்த்த கந்தக அமிலம், நூலகங்களில் எரிந்த வாயு விளக்கின் புகை எனக் காரணங்கள் பல வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று கத்தியைச் சார்ந்தது. அக்குழுவில் இருந்த நூற்கட்டுநர் டக்ளஸ் காக்கரெல் 1901-இல் வெளியிட்ட நூலிலும் அதை வற்புறுத்தினார். பெரிய விலங்கின் தடித்த தோலை வாங்கி, காகிதம்போல ஆகும்வரை சீவுகிறார்கள். தோலின் வலிமை உள்நார்களில் இருக்க, அவற்றை எறிந்துவிட்டு அழகிய மேற்பரப்பை மட்டும் ஒட்டுகிறார்கள். சிறிய விலங்கின் இயல்பாகவே மெல்லிய தோலைத் தேர்ந்தால் கத்திக்கு வேலை குறைவு, நார்களும் பிழைக்கும். ஆனால் சிறு தோலில் சில நூல்களுக்கே உறை கிடைக்கும். பெரிய தோலில் பல நூல்களுக்கு. கணக்குப் பார்த்தவர்கள் பெரிய தோலையே எடுத்தனர்.

அக்குழு குறை கண்ட தோல்களுள் நம் நாட்டுத் தோலும் உண்டு. சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்டுக் கப்பலேற்றிய ஆட்டுத்தோல்கள், ஒளியிலும் வாயுப் புகையிலும் செந்நிறமாகி விரைவில் நொறுங்குவதாக அது கண்டது. சுமாக்கு இலையால் பதனிட்டவை நெடிது நிலைத்தன. பொங்கலன்று வாசலில் செருகும் ஆவாரம்பூவை எண்ணும்போது இம்முடிவு நமக்குச் சற்றே வருத்தம் தருகிறது. செருப்புக்கும் பைக்கும் அத்தோல் போதுமானதே. நூறாண்டு வாழவேண்டிய நூலுக்குத்தான் அது பொருந்தவில்லை.

அண்மையில் நூல் கட்டும் முதியவர் ஒருவரிடம் நம் பூசைப் புத்தகத்தைக் காட்டினோம். கழன்ற அட்டையின் விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, “சாமி, இந்த இடத்துல தோலே இல்லை, வெறும் மேல்தோல்தான் இருக்கு” என்றார். புதிதாய்க் கட்டினால் எந்தத் தோல் போடுவீர் என வினவினோம். சிறு ஆட்டின் தோல் கிடைத்தால் கட்டித் தருவதாகவும், கிடைக்கும்வரை துணியில் சுற்றி வைக்கும்படியும் சொன்னார். அவ்வாறே வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்திருக்கிறோம்.