வில்லன் (சித்தூர், திருப்பதி வட்டாரம்)

கதையில் நாயகனின் வழியை மறிக்கும் பாத்திரத்தைத் தமிழில் வில்லன் என்றும் தெலுங்கில் பிரதிநாயகுடு என்றும் சொல்வர். வழிமறிப்பது மட்டும் ஒருவனை வில்லனாக்கிவிடாது. அதற்கு அடியில் ஒரு குணக்கேடு இருக்க வேண்டும். ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இந்தப் பாத்திரம் சினிமாவுக்கு வெகு முன்பே ஊறிப்போன ஒன்று.

இலக்கணம்: 10ஆம் நூற்றாண்டில் மாளவ மன்னன் முஞ்சனின் அவையில் வாழ்ந்த தனஞ்சயன் எழுதிய தசரூபகம் என்னும் வடமொழி நாடக நூல், பிரதிநாயகனுக்கு ஐந்து குணங்களைச் சொல்கிறது: பேராசை, செருக்கு, பிடிவாதம், பாவச்செயல், தீய பழக்கத்துக்கு அடிமைப்படுதல். கொலை இதில் தனியாக எண்ணப்படவில்லை என்பது கவனிக்கத் தக்கது. கொலையை நாயகனும் செய்வான். இருவரையும் பிரித்துக் காட்டுவது குணமே. இந்த அளவுகோல் இன்றைய படங்களுக்கும் அப்படியே பொருந்துகிறது.

தெருவில் வில்லன்: இவ்வட்டாரத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில்கள் மிகுதி. தர்மராஜா கோயில் என்றும் இவற்றை அழைப்பர். திருவிழா நாட்களில் பகலில் பாரதக் கதை நடக்கும். இரவில் வீதி நாடகம் விடிய விடிய ஆடப்படும். தமிழ்நாட்டின் வட ஆர்க்காட்டுப் பகுதியிலும் இதே வழக்கம் இருப்பதில் வியப்பில்லை. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதன் பெரும்பகுதி வட ஆர்க்காட்டிலிருந்தே பிரிக்கப்பட்டது. இறுதி நாளில் துரியோதன வதம். தமிழ்நாட்டில் இதைப் படுகளம் என்பர். திறந்த வெளியில் களிமண்ணால் துரியோதனனை மல்லாந்து கிடக்கும் கோலத்தில் பல ஆள் நீளத்துக்கு அமைப்பார்கள். பீமன் வேடக்காரர் கதாயுதத்தோடு அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கடைசியில் தொடையில் அடி விழும். அன்று மாலையே தீமிதி. அடித்து முடிந்ததும் அந்த உருவத்தின் மண்ணை ஒரு பிடி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கமும் படுகளத்துக்கு உண்டு. வெறுத்து ஒதுக்கிய ஒருவனின் மண்ணை யாரும் வீட்டில் வைப்பதில்லை. துரியோதனனின் குற்றம் செருக்கும் பிடிவாதமும். வீரத்தில் அவனுக்குக் குறையில்லை என்பதே ஊரின் தீர்ப்பு. என்.டி. ராமராவ் 1977இல் இயக்கி, கிருஷ்ணன், கர்ணன், துரியோதனன் என மூன்று வேடமும் ஏற்ற ‘தான வீர சூர கர்ணா’ இதே தீர்ப்பைத் திரைக்குக் கொண்டுவந்தது.

திரையில்: தெலுங்குப் படங்கள் சென்னையில் தயாரான காலத்தில், 1951இல் தெலுங்கிலும் தமிழிலும் வந்த ‘பாதாள பைரவி’யின் நேபாள மந்திரவாதி முதல் பெரும் வில்லன் எனலாம். எஸ்.வி. ரங்காராவ் நடித்தார். கேட்ட வரம் தரும் சிலைக்காக, துணிச்சல்மிக்க ஓர் இளைஞனைத் தேடிப் பிடித்துப் பலியிடத் துணிகிறான் மந்திரவாதி. பிறருடைய வீரத்தைத் தன் பேராசைக்கு முதலாக்குவதே அவனிடமுள்ள கேடு.

சித்தூர் என்ற பெயரைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட சித்தூர் வி. நாகையா ‘போதனா’, ‘தியாகய்யா’ முதலிய பக்தர் வேடங்களால் புகழ் பெற்றவர். வில்லனாக வளர்ந்தவர் திருப்பதிக்கு அருகே மோதுகுலபாளையத்தில் 1952இல் பிறந்த பக்தவத்சலம் நாயுடு என்னும் மோகன் பாபு. தாசரி நாராயண ராவின் ‘ஸ்வர்கம் நரகம்’ (1975) அவரை முன்னுக்குக் கொண்டுவந்தது. பல ஆண்டுகள் எதிர்மறை வேடங்களில் நடித்தபின், ‘அசெம்பிளி ரௌடி’ (1991), ‘பெதராயுடு’ (1995) போன்ற படங்களில் நாயகனாக நிலைபெற்றார். ‘சூரரைப் போற்று’ (2020) படத்தில் அவர் ஏற்ற விமானப்படை அதிகாரியின் பெயரும் பக்தவத்சலம் நாயுடுதான். இவ்வட்டாரமும் அடங்கிய ராயலசீமையின் குழுப்பகையைச் சொல்லும் படங்களின் வில்லன்களில் ‘சமரசிம்ம ரெட்டி’ (1999) படத்து ஜெயப்பிரகாஷ் ரெட்டி தலையாயவர்.

புஷ்பா: சேஷாசலம் மலையின் செம்மரக் கடத்தலைக் களமாகக் கொண்டு, சித்தூர்ப் பேச்சுவழக்கில் சுகுமார் எடுத்த ‘புஷ்பா’ (2021) ஒரே படத்தில் வில்லன்களின் வரிசையையே நிறுத்தியது. மங்களம் சீனு (சுனில்) பேராசைக்காரன். சரக்கின் உண்மை விலையை மறைத்துக் கீழே உள்ளவர்களை ஏய்ப்பவன். ஜாலி ரெட்டி பெண்பித்தன். தந்தையைப் பிடித்து வைத்துக்கொண்டு மகளை வரச் சொல்பவன். இவனாக நடித்த கன்னட நடிகரின் பெயரும் தனஞ்சயன் என்பது இனிய பொருத்தம். பகத் பாசில் ஏற்ற காவல்துறை எஸ்.பி. ஷெகாவத்தின் கேடு வேறு வகை. பணம் அவனுக்கு இரண்டாம்பட்சம். வார்த்தைக்கு வார்த்தை ‘சார்’ வர வேண்டும். வராவிட்டால் திரும்பச் சொல்ல வைப்பான். தந்தை பெயர் இல்லாதவன் என்று நாயகன் புஷ்பாவைக் குத்திக் காட்டுவதில் அவனுக்கு ஒரு சுகம். அதற்குப் பதிலாக, சீருடையைக் கழற்றிவிட்டால் உனக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வியைப் புஷ்பா அவன் முன் வைக்கிறான். சீருடை தரும் மரியாதையைத் தன் மரியாதையாக எண்ணிய செருக்கு அந்த இடத்தில் உடைகிறது. மற்ற இருவரும் சேர்ந்தாலும் இவனுக்கு ஈடில்லை.

தசரூபகத்தின் அளவுகோலில் புஷ்பாவும் தப்ப முடியாது. பேராசை, பிடிவாதம், பாவச்செயல் மூன்றும் அவனிடம் உள்ளன. தன்மானத்துக்காகப் போராடுகிறான் என்பதால் படம் அவனை நாயகன் என்கிறது. குணத்தால் அவன் பிரதிநாயகனே.

இரண்டாம் பாகம் 2024 டிசம்பரில் வெளியானது.

படத்தின் களமான செம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படை சுட்டதில், திருவண்ணாமலை, தர்மபுரி உள்ளிட்ட தமிழக மாவட்டங்களைச் சேர்ந்த 20 தொழிலாளர்கள் இறந்தனர். அந்த நிகழ்ச்சி இரண்டு பாகங்களிலும் இடம்பெறவில்லை.