பொருட்செலவோலை காட்டக் கடவர் யார்? விலையாவண வாசகம் ஒன்றின் மறுவிசாரணை

பிற்காலச் சோழர் காலத்தும் அதனையடுத்த பாண்டியர் காலத்தும் கோயிற் சுவர்களிற் பொறிக்கப்பெற்ற நிலவிலைச் சாசனங்களைப் பயின்றோர்க்கு, அவற்றின் பிற்பகுதியில் வரும் வாசகமொன்று ஏறக்குறைய மனப்பாடமாகவே இருக்கும். 'இதுவே விலையோலை ஆவதாகவும், இதுவே பொருள் மாவறுதிப் பொருட்செலவோலை ஆவதாகவும், இதுவல்லது வேறு பொருள் மாவறுதிப் பொருட்செலவோலை காட்டக் கடவர் அல்லாதாராகவும்' என்பது அது. எழுத்திலும் சொல்லிலும் ஊருக்கு ஊர் சிறு பேதங்கள் உண்டெனினும் கட்டமைப்பு ஒன்றே. முந்தைய ஆய்வு மரபு இதனைக் கரணத்தான் கைப்பழக்கத்தால் எழுதிச் செல்லும் அலங்காரமென்று கருதி, 'இதுவே முடிந்த பத்திரம். வேறு பத்திரம் எதுவும் காட்டலாகாது' என்னும் பொதுத் தடையாகச் சுருக்கிப் பொருள் கூறிக் கடந்து சென்றது. அப்பொருள் பொருந்தாதென்பதும், இவ்வாசகம் எவரையும் தடுப்பதற்கன்றி, நிலம் கொண்டவரை நிரூபணச் சுமையினின்று விடுவிப்பதற்கே எழுந்ததென்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதலில் நோக்கத்தக்கது, மூன்று உறுப்புகளுள் எது மீண்டும் கூறப்படுகிறது, எது கூறப்படவில்லை என்பதாகும். முதலுறுப்பு விலையோலையைச் சுட்டுகிறது. இரண்டாமுறுப்பு பொருட்செலவோலையை, அதாவது விலைப்பொருள் முற்றும் செலுத்தித் தீர்ந்தமைக்கான ஓலையைச் சுட்டுகிறது. மூன்றாமுறுப்போ விலையோலையை அறவே விட்டுவிட்டுப் பொருட்செலவோலையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வேறு பத்திரம் காட்டலாகாதென்னும் தடையே கருத்தாயின், ஒரே நிலத்தை இருவர்க்கு விற்கும் வஞ்சனையை அஞ்சி 'வேறு விலையோலை' என்றன்றோ எழுதியிருத்தல் வேண்டும்? இரட்டை விற்பனையில் கேடு செய்வது இரண்டாம் விலையோலையேயன்றி இரண்டாம் ரசீதன்று. ஒரு சொல்லுக்குப் பதில் மற்றொரு சொல்லைக் கரணத்தான் கவனமின்றி எழுதினானென்று கூறின், அக்கவனமின்மை மண்டலந்தோறும் தலைமுறைதோறும் ஒரே இடத்தில், ஒரே விதமாக நேர்ந்ததென்று நம்ப வேண்டியதாகும்.

அடுத்தது 'கடவர்' என்னும் சொல். இச்சொல் சாசன வழக்கில் இருதலையாகப் பயில்கிறது: 'இறை இறுக்கக் கடவர்' என்புழிக் கடமையையும், 'பெறக் கடவர்' என்புழி உரிமையையும் உணர்த்தும். ஆதலின் இச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எப்பக்கமும் தீர்ப்புரைத்தல் சாலாது. எனினும் இவ்விரு பொருளையும் பிரித்தறிதற்குச் சாசனங்களே ஓர் அளவுகோலைத் தருகின்றன. சேர்ந்துவரும் வினை செய்வானுக்கு ஆதாயம் தருவதாயின் 'கடவர்' உரிமைப் பொருட்டு. சுமை தருவதாயின் கடமைப் பொருட்டு. இறையிலியாக்கப்பெற்ற நிலத்துக்கு 'இறை இறுக்கக் கடவதல்லாததாக' என்று எழுதுமிடத்து, இறுக்கலாகாதென்று விலக்குவதாக எவரும் கொள்வதில்லை. இறுக்க வேண்டா என்றே கொள்கிறோம். செலவோலையைத் தேடியெடுத்துச் சபைமுன் வைத்தல் ஆதாயமோ சுமையோ என்று நான் கூற வேண்டுவதில்லை. பழைய ரசீதொன்றைப் பெட்டி பெட்டியாகத் துழாவியவர் யாவரும் அறிவர். ஆகவே 'காட்டக் கடவர் அல்லாதாராக' என்பதற்கு, 'காட்ட வேண்டிய கட்டாயம் இல்லாதவராக' என்பதே நேர்ப்பொருளாகும்.

இனி, அவ்வோலையைக் காட்டுவார் யார்? பணம் கொடுத்தவன் கையிலன்றோ ரசீது இருக்கும்? விற்றவன் தான் பணம் பெற்றதற்கான ஓலையைத் தானே சபையிற் கொணர்ந்து காட்டுவான் என்பது உலக வழக்கோடு ஒவ்வாதது. அதைக் காட்டாதே என்று அவனைத் தடுப்பது அதனினும் விநோதமானது. 'காட்டுதல்' என்னும் வினையின் நியாயசபைப் பொருளுக்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே நல்ல துணை உண்டு. சேக்கிழார் பெரிய புராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தில், சுந்தரர் தமக்கு அடிமையென்று வழக்குரைத்து வந்த முதிய வேதியரிடம் திருவெண்ணெய்நல்லூர்ச் சபை கேட்கும் சான்றுகள் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என மூன்று. வழக்குரிமை கூறி வந்தவரே ஓலையைக் காட்டக் கடமைப்பட்டவர். சுந்தரர் கிழித்தது படியோலை, மூலவோலை தம்மிடம் உண்டென்று அம்முதியவர் கூறுவதும், சுந்தரரின் பாட்டனார் கைச்சாத்தைக் காப்பிலிருந்த வேறோர் ஓலையோடு சபையார் ஒப்புநோக்குவதும், ஓலை காட்டல் என்பது அக்காலத்தில் எத்துணைக் கறாரான விவகாரக் கிரியையாக இருந்ததென்பதைப் புலப்படுத்துகின்றன. காவியத்தைச் சட்டநூலாகக் கொள்ளலாகாது என்பர், உண்மை. ஆயினும் சேக்கிழாரின் கேட்போர்க்கு அச்சபை நடவடிக்கை பழகிய காட்சியாக இல்லாதிருப்பின், அக்கதையின் சுவையே கெட்டிருக்கும்.

இந்நிபந்தனைக்கு அவசியம் என்னவென்று வினவலாம். 'எம்மிலிசைந்த விலைப்பொருள் ஆவணக்களியே காட்டேற்றிக் கைச்செலவறக் கொண்டு' என்று சாசனத்தின் முற்பகுதியிலேயே பணம் முழுதும் பெற்றதாக எழுதப்பட்டுள்ளதே என்பது வினாவின் கருத்து. இங்கேதான் முந்தையோர் 'கூறியது கூறல்' என்னும் குற்றத்தைக் கண்டனர். ஆனால், பெற்றேன் என்று கூறுவது வேறு, பெற்றேனென்ற அக்கூற்றே முடிந்த சான்றாகும் என்று உடன்படுவது வேறு. நிலம் விற்ற சபையோ ஊரோ ஆண்டுதோறும் ஆட்கள் மாறும் கூட்டம். கொண்ட கோயிலின் பண்டாரத்தை நிர்வகிப்போரும் மாறுவர். முப்பதாண்டு கழித்துப் புதிய சபையார், 'விலை எழுதினோம், காசு வரவில்லை, செலவோலை எங்கே?' என்று கேட்பின், கறையான் தின்ற ஓலைக்கு எங்கே போவது? அக்கேள்வியை முன்கூட்டியே அடைப்பதற்கு இவ்வாசகம் இடப்பட்டது. வழக்கமாக விலைக்கோர் ஓலையும் பொருட்செலவுக்கோர் ஓலையுமாக இரண்டு எழுதும் வழக்கம் இருந்திருத்தல் வேண்டுமென்றும், இரண்டையும் ஒன்றிலடக்கிய இடத்தில் அவ்வடக்கத்தை வெளிப்படையாகச் சொல்ல நேர்ந்ததென்றும் ஊகிக்கிறேன். இது ஊகமே, ஆனால் 'இதுவே... இதுவே...' என்று இருமுறை தேற்றேகாரம் வருவதற்கு இதனினும் எளிய காரணம் எனக்குத் தோன்றவில்லை.

தன்மைப் பன்மையில் 'கடவோமல்லோம்' என முடியும் வாசகங்களைக் காட்டி இதனை மறுப்பார் இருக்கலாம். விற்போர் தம் வாய்மொழியாகவே சாசனம் முழுவதையும் எழுதிச் செல்லுகையில் வினைமுற்று இடம் மாறுதல் எளிது. அதன்மேல் பெரிய கட்டடம் எழுப்புவதற்கில்லை. 'ஆவணக்களி' இன்றைய பதிவு அலுவலகம் போன்றதொரு ராஜாங்க ஸ்தாபனம் என்னும் கொள்கையையும் இங்கு விசாரிக்கப் புகவில்லை. ஆவணம் எழுதப்பட்ட இடத்திலேயே பொருள் கைமாறிற்று என்ற அளவே என் வாதத்துக்குப் போதும்.

பிற்காலச் சட்டத்தை முற்காலச் சாசனத்தின் மீது ஏற்றுவது அபாயம் என்பதை மறவாமலே ஒன்று கூறலாம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 54-ஆம் பிரிவில் கிரயத்தை, கொடுத்த விலைக்கோ, கொடுப்பதாக வாக்களித்த விலைக்கோ, ஒரு பகுதி கொடுத்து மறுபகுதி வாக்களித்த விலைக்கோ உரிமையை மாற்றுதல் என்று வரையறுக்கிறது. ஆகவே விலை நிலுவையிலிருக்கவும் உரிமை மாறிவிடலாம். 55-ஆம் பிரிவு நிலுவைக்காக விற்றவனுக்கு அச்சொத்தின்மீது பொறுப்புரிமை மட்டும் தருகிறது. விலையில் ஒரு பகுதி வரவில்லையென்பது பதிவான கிரயத்தை ரத்துசெய்யக் காரணமாகாதென்று உச்ச நீதிமன்றமும் 2020-இல் தஹிபென் வழக்கில் உரைத்தது. விலையோலை ஒன்று, பொருட்செலவு மற்றொன்று என்னும் பாகுபாடு பொருளற்ற அலங்காரமன்றென்பது இதனால் தெளிவு.

என் பாட்டனார் வாங்கிய மனையின் கிரயப் பத்திரம் வீட்டில் இருக்கிறது. கிரயத்தொகையில் அட்வான்ஸ் போக 'மீதியைச் சப்-ரிஜிஸ்திரார் முன்னிலையில் ரொக்கமாகப் பெற்றுக்கொள்கிறபடியால்' என்று உள்ளே எழுதியிருந்தும், பின்பக்கத்தில் அப்பணம் தம் கண்ணெதிரே எண்ணிக் கொடுக்கப்பட்டதென்று அவ்வதிகாரி தனியே குறிப்பெழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு அவ்வாறு எழுதச் சொல்கிறது. அதுவும் போதாதென்று, விற்றவரிடம் வாங்கிய ஓரணா ஸ்டாம்பு ஒட்டிய ரசீதொன்றைப் பாட்டனார் அதனோடு குண்டூசியாற் குத்தி வைத்திருக்கிறார். ஊசி துருவேறி, தாளில் செம்பழுப்பாய் ஒரு வட்டம் விழுந்திருக்கிறது. பாட்டனார் பத்திரத்தில் 'வேறு ரசீது காட்ட வேண்டுவதில்லை' என்னும் வாசகம் இல்லை.